மேஜிக் லாண்டர்னை எதற்காகப் பாராட்டுவது?

போன மாசம் சின்னமனூர்ல இருந்து அத்தை பையன் போன் பண்ணினான். பழைய கேனன் 550டி ஒண்ணு சல்லிசா வருது, அதுல மேஜிக் லாண்டர்ன் போட்டா ரா வீடியோ எடுக்கலாமாமே, வாங்கட்டுமா மச்சான்னு கேட்டான். வாங்கு, ஆனா ரா வீடியோவுக்காக வாங்காதே என்று சொன்னேன். ஏன் என்பதை போனில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேமராவை, அந்த மென்பொருளோடு, கம்பம் பள்ளத்தாக்குக்குள்ளேயே ஆறேழு வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். என் கணக்கில் மேஜிக் லாண்டர்ன் கேமரா உலகத்தில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் அதைப் பற்றி இணையத்தில் இருக்கிற புகழ்ச்சியில் பாதிக்கு மேல் தப்பான விஷயத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கேமராவுக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கேனன் கேமராக்களில் ஓடுகிற இயங்குதளத்துக்கு ட்ரைஓஎஸ் என்று பேர். மேஜிக் லாண்டர்ன் அதை அழித்துவிட்டு உட்காருவதில்லை. மெமரி கார்டில் ஒரு கோப்பாகக் கிடக்கும்; கேமராவில் ஒரே ஒரு தடவை, ஆன் ஆகும்போது கார்டையும் பார் என்று ஒரு குறியைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு தடவையும் கார்டிலிருந்து எழுந்து கேனனின் மென்பொருளோடு சேர்ந்து ஓடும். அந்தக் கார்டை எடுத்துவிட்டு வேறு கார்டு போட்டால் பழைய கேமராதான். 550டியில் கேனனின் ஃபர்ம்வேர் 1.0.9 பதிப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு. சின்ன பவர்ஷாட் கேமராக்களுக்கு வந்த சிஹெச்டிகே. கேமராவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால்தானே மேலே எதையாவது கட்ட முடியும்? கேனன் அதைக் கொடுக்கவில்லை. சில மாடல்களில் அந்த ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கேமராவின் சின்ன எல்ஈடி விளக்கை மினுக்க வைத்து, உள்ளே இருக்கிற நிரலை அந்த மினுக்கலாகவே வெளியே அனுப்ப வைத்து, எதிரே ஒரு ஒளி உணரியை வைத்துப் படித்தார்கள். எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒண்ணா வரும்.

பெரிய கேமராவுக்கு இந்த வேலையை ஆரம்பித்தவர் ட்ராமெல் ஹட்சன். வருஷம் 2009. கேனன் 5டி மார்க் 2 கேமரா 2008 கடைசியில் வந்தபோது அதன் வீடியோவைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் வீடியோவில் ஷட்டரையோ ஐஎஸ்ஓவையோ கையால் வைக்க முடியாது. எல்லாம் ஆட்டோ. நொடிக்கு 30 ஃப்ரேம் மட்டும்தான். நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் ட்யூப்லைட்டுக்குக் கீழே 30 ஃப்ரேமில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த மினுமினுப்பு என்ன பாடு படுத்தும் என்று தெரியும். எக்ஸ்போஷரைக் கையால் வைக்கும் வசதி 2009 ஜூனில் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டில் வந்தது. 24, 25 ஃப்ரேம் வருவதற்கு 2010 மார்ச் ஆனது. கேமராவின் உடம்பில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. முதல் நாளே முடிந்திருக்கக்கூடிய காரியம் அது.

ஹட்சன் முதலில் எதைச் சரி பண்ணினார் என்று கவனிங்க. படத்தை அல்ல. ஒலியை. ஒலி அளவைத் திரையில் காட்டும் மீட்டர், தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஏஜிசியை அணைக்கும் வசதி, கூடவே வெளிச்சம் வெளுத்துப்போகும் இடத்தில் வரி வரியாகக் காட்டும் ஜீப்ரா. படம் எடுக்கிறவனுக்குக் கேமரா என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லும் வசதிகள். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் அதைத்தான்.

இப்போ நம்ம ஊருக்கு வரேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் படம் எடுக்கிறவனுக்கு மூணு தொல்லைகள் உண்டு. முதலாவது வெளிச்சம். மேற்கே கேரள எல்லை மலைத்தொடர், கிழக்கே மேகமலை. சாயங்காலம் சூரியன் மறைவதற்கு ரொம்ப முன்னாடியே மேற்கு மலைக்குப் பின்னால் போய்விடும். கோம்பையிலோ தேவாரத்திலோ நின்றால் தெருவெல்லாம் நிழல். எதிரே மேகமலை உச்சி மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு ரெண்டும் தெரியும். கேமராவுக்குத் தெரியாது. மலையைப் பார்த்து வைத்தால் தென்னந்தோப்பு கரிக்கட்டை, தோப்பைப் பார்த்து வைத்தால் மலை சுண்ணாம்பு.

மேஜிக் லாண்டர்னில் இதற்கு 2013ல் வந்தது ட்யூயல் ஐஎஸ்ஓ. சென்ஸாரின் வரிகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒரு ஜோடியை ஐஎஸ்ஓ 100லும் அடுத்த ஜோடியை 1600லும் படிப்பது. ஒரே படத்தில் ரெண்டு எக்ஸ்போஷர். அப்புறம் கம்ப்யூட்டரில் அதைச் சேர்த்துத் தைக்க வேண்டும். சும்மா வருவதில்லை: ரொம்ப இருட்டான இடத்திலும் ரொம்ப வெளிச்சமான இடத்திலும் பாதி வரிகள்தான் உபயோகமாகும், அதனால் கூர்மை குறையும். நான் இதை ஒரு மாசம் பைத்தியம் மாதிரி உபயோகித்தேன். அந்த ஃபோட்டோக்களை இப்போ எடுத்துப் பார்த்தால் எந்த ஊர் என்றே தெரியவில்லை. நிழலை முழுக்கத் தூக்கிவிட்டதால் பள்ளத்தாக்கு பள்ளமாகவே இல்லை. நாலரை மணிக்கு மேல் மலை நிழல் ஊருக்குள் இறங்கி, பம்புசெட்டு மேலேயும் பள்ளிக்கூட மதில் மேலேயும் ஏறிப் போவதுதான் அந்த ஊரின் சாயங்காலம். அந்த நிழலை நானே அழித்திருந்தேன். மென்பொருள் தப்பு இல்லை. ஆனால் 'நிழல் என்பது ஒரு குறை' என்கிற எண்ணத்தை அந்த வட்டாரம் எனக்குள் விதைத்துவிட்டிருந்தது என்பது உண்மை.

ரெண்டாவது மேகம். அது தொல்லை இல்லை, வரம். தென்மேற்குப் பருவத்தில் கேரளப் பக்கம் குவியும் மேகம் மலை முகட்டில் வழிந்து நம்ம பக்கம் எட்டிப் பார்க்கும். இறங்க இறங்கக் கரைந்து காணாமல் போகும். அங்கே கொட்டுகிற மழை இங்கே சாரலாகத்தான் வரும். இதை வெறும் கண்ணால் பார்த்தால் நின்றுகொண்டிருப்பது மாதிரி இருக்கும். 10 நொடிக்கு ஒரு படம் வீதம் 250 படம் எடுத்தால் சுமார் 42 நிமிஷம். ஓட்டிப் பார்த்தால் 10 நொடி வீடியோ. அப்போதான் அது அருவி மாதிரி விழுந்துகொண்டே இருப்பது தெரியும். 550டியில் இதற்குத் தனியாக ஒரு ரிமோட் வாங்க வேண்டும். மேஜிக் லாண்டர்னில் மெனுவிலேயே இருக்கிறது. குறையே சொல்ல முடியாத வசதி இது. மேலே போகிறேன்.

மூணாவது காற்று. ஆடி மாசம் தேனி மாவட்டத்தில் இருந்திருக்கிறீர்களா? ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலையைச் சும்மா நட்டு வைக்கவில்லை. ராமக்கல்மெட்டு இடைவெளியில் நுழைந்து வரும் காற்று கோம்பைத் தெருவில் ஓட்டைக் கிளப்பும். கேமராவின் மைக்குக்கு இது எமன். அதிலும் ஏஜிசி உள்ள கேமரா என்றால் கேட்கவே வேண்டாம். ஆள் பேசுவதை நிறுத்தி மூச்சு விடுகிற இடைவெளியில், சத்தம் குறைஞ்சுபோச்சே என்று கேமரா தானாகவே ஒலியைத் தூக்கும். தூக்கினால் என்ன வரும்? காற்றுதான். அவர் திரும்பப் பேச ஆரம்பிக்கும் முதல் சொல் வெடித்துக் கேட்கும். அப்புறம் அமுங்கும். ஒரு மனுஷன் பேச்சில் இருக்கிற ஏற்ற இறக்கத்தை எல்லாம் இஸ்திரி போட்டுவிடும்.

மேஜிக் லாண்டர்னின் ஆடியோ மெனுவுக்குள் போனால் ஏஜிசியை அணைக்கலாம். ஒலி அளவைக் கையால் வைக்கலாம். காற்றின் அடித்தொண்டைச் சத்தத்தை வெட்டும் விண்ட் ஃபில்டர்கூட ஒண்ணு உண்டு. திரையின் மேலே பச்சைக் கோடு ரெண்டு, பேசப் பேச ஏறி இறங்கும். ஏவி வயர் சொருகும் துளையில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கவும் செய்யலாம். அன்றைக்கு இதெல்லாம் பல மடங்கு விலையுள்ள வீடியோ கேமராவின் வசதிகள். இரண்டாம் கையாக வாங்கின ஒரு ஸ்டில் கேமராவில், காசு வாங்காமல், ஜிபிஎல் உரிமத்தில், முகம் தெரியாத ஆட்கள் ராத்திரி கண் முழித்து எழுதிக் கொடுத்தது. இதைப் பற்றி யாராவது பத்து நிமிஷ வீடியோ போட்டுப் புகழ்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாரும் புகழ்வது ரா வீடியோவை.

அதுவும் சாதாரண சாதனை இல்லை, நியாயமாகச் சொல்லணும். 2013 மே மாசம் 5டி மார்க் 3ல் 14 பிட் ரா வீடியோ ஓடியபோது நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்தச் சோதனைத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின வருஷம்தான் கேனன் 1டி சி என்று ஒரு கேமராவைச் சுமார் 15,000 டாலருக்கு அறிவித்திருந்தது. அதே குடும்பத்து 1டி எக்ஸ் சுமார் 6,800 டாலர். ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம், முக்கிய வேறுபாடு வீடியோவில்தான். அந்தச் சமயத்தில் இலவசமாக ஒரு கூட்டம் வந்து, பூட்டைத் திறந்து காட்டினால் யாருக்குத்தான் குஷி வராது?

ஆனால் கணக்கைப் பார்க்கணும். 1920க்கு 1080, 14 பிட், நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நொடிக்குச் சுமார் 87 எம்பி. 32 ஜிபி கார்டு ஆறே நிமிஷத்தில் முடிஞ்சிடும். சாதாரண ஹெச் 264 வீடியோ நிமிஷத்துக்கே 330 எம்பிதான். 5டி மார்க் 3ல் வேகமான சிஎஃப் கார்டு உண்டு, அது தாங்கும். 550டியின் எஸ்டி கார்டு வழி நொடிக்கு 20 எம்பி அளவில் மூச்சு வாங்கும். அப்படியென்றால் என்ன? 960க்கு 400 மாதிரி ஒரு சின்னச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். 720 உயரம் வேண்டும் என்றால் சில நொடிகளில் நின்றுபோகும். அத்தை பையன் கனவு காண்கிற ரா வீடியோ இதுதான்.

இந்த இடத்தில் எப்பவும் எனக்கு 'வழக்கு எண் 18/9' ஞாபகம் வரும். பாலாஜி சக்திவேல் இயக்கி 2012ல் வந்த படம். ஒளிப்பதிவு விஜய் மில்டன், எடுத்தது கேனன் 7டி ஸ்டில் கேமராவில். அந்தப் படம் வெளியானபோது 7டிக்கு மேஜிக் லாண்டர்ன் வந்திருக்கவே இல்லை. ரா இல்லை, 14 பிட் இல்லை. தேசிய விருது வாங்கிய படம். ஸ்டில் கேமரா என்பதால் தெருவில் கூட்டம் கூடாமல் எடுக்க முடிந்ததே அந்தக் கருவியின் பலம். அந்தப் பலம் படத்தின் முகத்தில் தெரிகிறது. நம்ம மலையையே எடுத்துக்கொண்டாலும், லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்தில் தேனி ஈஸ்வர் காட்டுகிற மலை போஸ்டர் மலை இல்லை. சுமை தூக்கிக்கொண்டு நடக்கிறவன் காலுக்குக் கீழே இருக்கிற மலை. கடைசியில் காற்றாலைகளுக்கு நடுவே அந்த மனுஷனை விட்டுவிட்டுக் கேமரா மேலே மேலே போகுமே, அதில் எத்தனை ஸ்டாப் டைனமிக் ரேஞ்ச் என்று யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்? (பார்க்காதவர்கள் மன்னிக்க, முடிவைச் சொல்லிவிட்டேன்.) நான் மேஜிக் லாண்டர்னில் எடுத்த மலையில் ஆளே இல்லை. நிறம்தான் இருக்கிறது.

சரி, சொல்லியே ஆகணும். 2014 ஆடியில் கோம்பையில் என் பெரியப்பாவை உட்கார வைத்துப் பேச்சைப் பதிவு பண்ணப் போனேன். மலைக்கு மேலே ஏலக்காட்டுக்கு முப்பது வருஷம் நடந்தே போய் வந்தவர். ஜீப்பில் போகிற காலத்துக்கு முந்தின ஆள். எந்தப் பாறையில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள், எந்த மரத்தடியில் யானையைப் பார்த்து மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், செக்போஸ்ட்டில் என்ன சொல்லித் தப்பிப்பார்கள் எல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. எழுதி வைத்தவர் யாரும் இல்லை. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மைக்கைக் கேமரா மேல் மாட்டி, ஏஜிசியை அணைத்து, ஒரு நிமிஷம் சோதனை ஓட்டினேன். பச்சைக் கோடு ஒழுங்காக ஆடியது.

அப்புறம் என் புத்தி வேலை செய்தது. அவர் முகத்துச் சுருக்கமும் வேப்ப நிழலும் ராவில் எப்படி வரும் என்று ஆசை. மெனுவில் ரா வீடியோவை ஆன் செய்தேன். 25 நிமிஷம் பேசினார். ஒரு தடவைகூடக் கார்டு நிற்கவில்லை, நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மாற்றிப் பார்த்தால் 36,000 படங்கள் வந்து விழுந்தன. சத்தம் இல்லை. நான் ஏற்றியிருந்த பழைய ரா மாட்யூலில் ஒலியே பதிவாகாது. அடுத்து வந்த எம்எல்வி என்கிற வடிவத்தில் ஒலிக்கும் தனி மாட்யூல் இருந்தது. நான் அதைப் போட்டிருக்கவில்லை. விளக்கக் குறிப்பில் எழுதியே இருந்தது. படிக்காதது நான். அடுத்த லீவுக்கு வந்து திரும்ப எடுக்கலாம் என்று தள்ளினேன். ரெண்டு லீவு தள்ளினேன். 2016ல் பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதற்காக அந்த மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் விமர்சனமாக ஒன்று சொல்லலாம். அந்த மெனுவில் எல்லா வசதிகளும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில் நிற்கும். ஏஜிசியை அணைப்பதும் ரா எடுப்பதும் ஒரே மாதிரி ஒரு பொத்தான். ஒன்று படத்தைக் காப்பாற்றுகிற வசதி, இன்னொன்று ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற சோதனை முயற்சி. எழுதியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தினசரிப் பதிப்புகளைச் சோதனை என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். அதைச் சுற்றி எழுந்த புகழ்ச்சிக் கூட்டம்தான் சோதனையை மட்டும் எடுத்து ஊரெல்லாம் பரப்பியது. கேமராவுக்குள் ஒளிந்திருக்கும் சினிமா வெளியே வருது என்கிற கதை கேட்க நல்லாயிருக்கும். பச்சைக் கோடு ரெண்டு ஆடுது என்பதில் கதை இல்லை.

தேனியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு அண்ணனிடம் அந்த நாளில் இதைக் கொண்டுபோய்க் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா தாலி ஒரு தடவைதான் கட்டுவாங்க"ன்னார். அப்போது அவரைப் பழமைவாதி என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் ஃபோகஸ் பீக்கிங்குக்காக மட்டும் ஒரு கேமராவில் பழைய 2.3 பதிப்பைப் போட்டு வைத்திருந்தார். 2012ல் வந்த நிலையான பதிப்பு. கூர்மையான விளிம்பில் புள்ளி மினுக்கும், அவ்வளவுதான், வேற எதையும் தொடமாட்டேன் என்றார். என்னைவிடத் தெளிவாக அந்த மென்பொருளைப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

இன்றைக்கு ஜீப்ரா, பீக்கிங், ஒலி மீட்டர் எல்லாம் பெரும்பாலான மிரர்லெஸ் கேமராவில் வாங்கும்போதே வருகின்றன. மேஜிக் லாண்டர்ன் சில வருஷம் தூங்கிவிட்டு 2025ல் புது ஆட்களோடு மறுபடி எழுந்திருக்கிறது. அதனால் அத்தை பையனுக்கு: கேமராவை வாங்கு. ஃபர்ம்வேரைச் சரிபார். பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது மட்டும் நிறுவு. கார்டு கதவைத் திறந்த உடனே கார்டைப் பிடுங்காதே, விளக்கு அணையட்டும். மாட்டிக்கொண்டு நின்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டு. ரா மாட்யூலைக் கொஞ்ச நாள் ஏற்றவே ஏற்றாதே. ஆச்சி இன்னும் நல்லாப் பேசுது இல்ல, முதல்ல அதை எடு.

அந்த ஒரு நிமிஷச் சோதனைத் துண்டு மட்டும் என்னிடம் இருக்கிறது, ஹெச் 264ல் எடுத்தது. அதில் படம் ஒன்றும் இல்லை. காலியான கயிற்றுக் கட்டில், பின்னால் சுவர், காற்றில் ஆடும் ஒரு துண்டு. பெரியப்பா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குரல் மைக்குக்குப் பக்கத்தில், காற்றை மீறி, ரொம்பத் தெளிவாகக் கேட்கிறது. "இதென்னடா, நான் பேசப் பேசப் பச்சையா ஏறி எறங்குது?"